கழுத்தில் ஆபரேஷன் என்றால் குரல் போய்விடுமா?

எங்கள் ஒகேனக்கல்லில் மெல்லப் பேசுகிற பெண்களைப் பார்ப்பது அபூர்வம். அருவி இரைச்சலுக்கு மேலே எழும்பினால்தான் பேச்சு காதில் விழும். மீன் வறுத்து விற்கிற பெண்கள், வருகிறவர்களைக் கூவிக் கூப்பிட வேண்டும். பரிசல் ஓட்டுகிற புருஷனுக்குச் சோறு கொண்டு போகிறவள், கரையிலிருந்தே குரல் கொடுக்க வேண்டும். ஆற்றோரம் விளையாடுகிற பிள்ளையை "போதும், மேலே வாடா" என்று பத்துத் தரம் அதட்ட வேண்டும். இங்கே குரல்தான் பாதிப் பிழைப்பு.

அதனால்தானோ என்னவோ, கழுத்தில் கழலை வந்த பெண்களிடம் "டாக்டர் ஆபரேஷன் சொல்லிட்டாரு" என்ற பேச்சு வந்தால், அவர்கள் முதலில் கேட்பது உயிரைப் பற்றி இல்லை. "ஏக்கா, கழுத்துல கத்தி வெச்சா கொரலு போயிருமாமே, நெசமா?" என்றுதான் கேட்கிறார்கள். இந்த ஒரு பயத்திலேயே, புடவைத் தலைப்பால் கழுத்தை மூடிக்கொண்டு வருஷக்கணக்கில் காலம் தள்ளுகிறவர்கள் உண்டு. சென்னையிலும் கோவையிலும் இருக்கிற சகோதரிகளுக்கும் இதே பயம்தான். பள்ளிக்கூட டீச்சருக்குக் குரல் வேண்டாமா? தாலாட்டுப் பாடுகிற தாய்க்கு வேண்டாமா?

அந்தப் பயம் முழுக்கப் பொய்யும் இல்லை, முழுக்க மெய்யும் இல்லை. எது மெய், எது பொய் என்று பிரித்துத் தெரிந்துகொண்டால் பயம் பாதியாகிவிடும். மீதிப் பாதிக்கு என்ன செய்யலாம் என்பதையும் பார்ப்போம்.

பட்டாம்பூச்சிச் சுரப்பி

குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே, மூச்சுக்குழாயின் முன்பக்கம், சிறகு விரித்த பட்டாம்பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதுதான் தைராய்டு சுரப்பி. நாம் சாப்பிடும் உப்பில் உள்ள அயோடினை எடுத்துக்கொண்டு, உடம்பு முழுவதற்கும் வேண்டிய ஹார்மோனைத் தயாரிக்கிறது. இது வீங்கினாலோ, இதில் கட்டி வந்தாலோ அதைத்தான் கழலை என்கிறோம். ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம் வருகிறது.

கழலை என்றதும் ஆபரேஷன் என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் சாதுவானவை. ஸ்கேன் எடுத்து, ரத்தத்தில் ஹார்மோன் அளவு பார்த்து, தேவைப்பட்டால் மெல்லிய ஊசியால் துளி எடுத்துப் பரிசோதித்து, "சும்மா கவனித்து வந்தால் போதும்" என்று டாக்டர் அனுப்பிவிடுவதும் உண்டு. புற்றுநோய் என்றோ சந்தேகம் என்றோ வந்தால், கட்டி பெரிதாகி மூச்சையும் விழுங்குவதையும் அடைத்தால், சுரப்பி அளவுக்கு மீறிச் சுரந்து மாத்திரைக்கு அடங்காவிட்டால், அப்போதுதான் கத்தி.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. கழலையோடு கூடவே, காரணமில்லாமல் குரல் கம்மி வாரக்கணக்கில் நீடித்தால், "சளி பிடிச்சிருக்கும்" என்று மிளகுக் கஷாயம் போட்டுக் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். கட்டியே நரம்பை அழுத்துகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

வழி மாறிப் போகிற நரம்பு

நம் குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. மூச்சு விடும்போது இவை கதவு மாதிரி திறக்கும். பேசும்போது நெருங்கி வந்து அதிரும். தண்ணீர் குடிக்கும்போது இறுக மூடிக்கொண்டு, அது மூச்சுக்குழாய்க்குள் போகாமல் காக்கும். இந்தக் கதவுகளை ஆட்டுவிப்பது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நரம்புகள்.

அவை போகிற வழி வேடிக்கையானது. மூளையிலிருந்து இறங்கும் பெரிய நரம்பு குரல்வளையைத் தாண்டி நெஞ்சுக்குள் போகிறது. அங்கேதான் அதிலிருந்து குரலுக்கான கிளை பிரிகிறது. இடது பக்கக் கிளை இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு, வந்த வழியே மேலே ஏறித்தான் குரல்வளைக்கு வருகிறது. வலது பக்கக் கிளை தோள் பக்கம் போகும் ரத்தக்குழாயைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது. தர்மபுரியில் பஸ் ஏறி பென்னாகரத்தில் இறங்க வேண்டியவர், தூங்கிப்போய் மலையிறங்கி ஒகேனக்கல் வரை வந்து, திரும்பவும் பென்னாகரம் போய்ச் சேர்ந்த கதைதான்! அதனால்தான் டாக்டர்கள் இதற்குத் 'திரும்பும் குரல்வளை நரம்பு' என்று பேர் வைத்தார்கள்.

திரும்பி ஏறுகிறபோது இந்த நரம்பு தைராய்டு சுரப்பியின் முதுகுப் பக்கமாக, ஒட்டினாற்போல் வருகிறது. தடிமனோ ஒரு நூல் அளவுதான். சுரப்பியை எடுக்கிறபோது இதைக் காப்பாற்றுவதுதான் டாக்டரின் சாமர்த்தியம்.

இந்த நரம்புக்கும் குரலுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் ரோமாபுரியில் இருந்த காலன் என்ற வைத்தியர், வீறிட்டுக் கத்தும் பன்றியின் இந்த நரம்பை வெட்டியதும் அது சத்தமில்லாமல் போனதைப் பலர் முன்னிலையில் காட்டினார்.

உரக்கக் கூப்பிடுவதற்கென்றே இன்னொரு நரம்பு

பலருக்குத் தெரியாத இன்னொரு நரம்பும் இருக்கிறது. இது சுரப்பியின் மேல் நுனிக்குப் போகும் ரத்தக்குழாய்களை ஒட்டி வருகிறது. வீணைத் தந்தியை முறுக்குகிற மாதிரி குரல் நாணை இழுத்து முறுக்குவது இதன் வேலை. மேல் ஸ்தாயியில் பாடுவதும், தூரத்தில் இருப்பவரை உரக்கக் கூப்பிடுவதும் இதனால்தான். சுரப்பியை எடுக்க அந்த ரத்தக்குழாய்களைக் கட்டும்போது, இந்தச் சன்ன நரம்பும் சேர்ந்து சிக்கிக்கொள்ளலாம். அப்படி ஆனால் வீட்டுப் பேச்சு சரியாகவே இருக்கும். பாடினால் மேலே எட்டாது. கத்திக் கூப்பிட்டால் எழும்பாது. சாயங்காலத்துக்குள் தொண்டை களைத்துவிடும். "நல்லாத்தானே பேசறே, என்ன குறை?" என்று வீட்டில் கேட்பார்கள். குறை இருப்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த நரம்போடு ஒரு பாடகியின் பேர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அமெலிடா கல்லி-குர்ச்சி, 1882-ல் இத்தாலியின் மிலான் நகரில் பிறந்தவர். 1916-ல் சிகாகோவில் பாடிய முதல் நாளே அமெரிக்காவைக் கவர்ந்துவிட்டார். பரமஹம்ச யோகானந்தரிடம் பக்தி கொண்டவர் என்பதால் நம் நாட்டிலும் சிலருக்கு அவர் பேர் தெரியும். கழுத்தில் கழலை வளர்ந்துகொண்டே போனது. 1930-ல் இசை நாடக மேடையை விட்டு விலகினார். 1935-ல் சிகாகோவில் ஆபரேஷன் நடந்தது. மறு வருஷம் மறுபடி மேடை ஏறினார். பழைய குரல் வரவில்லை. ஆபரேஷனில் அந்த நரம்பு போய்விட்டது என்றே உலகம் பேசியது. டாக்டர்களே அதை 'கல்லி-குர்ச்சி நரம்பு' என்று அழைக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

பிற்பாடு, 2001-ல் இரண்டு மருத்துவர்கள் பழைய விவரங்களையெல்லாம் புரட்டிப் பார்த்தார்கள். ஆபரேஷனுக்கு முன்னாலேயே அவர் குரல் தேய ஆரம்பித்துவிட்டது, நரம்பு அறுந்ததற்குச் சரியான ஆதாரம் இல்லை என்று எழுதினார்கள். பழி சுமத்தியது நியாயமோ இல்லையோ, ஒரு பாடகியின் கதை அந்தச் சன்ன நரம்பின் மேல் டாக்டர்களின் கண்ணைத் திருப்பியது. நமக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது. ஆபரேஷனுக்கு முன் குரல் எப்படி இருந்தது என்று பார்த்து எழுதி வைக்காவிட்டால், பின்னால் குறை வந்தால் எதனால் வந்தது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

எத்தனை பேருக்கு வருகிறது?

ஒரு காலத்தில் இந்த ஆபரேஷன் என்றாலே மரண பயம்தான். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோச்சர் என்ற டாக்டர், ரத்தம் சிந்தாமல், அவசரப்படாமல், அடுக்கடுக்காகப் பிரித்து ஆயிரக்கணக்கான கழலைகளை எடுத்துக் காட்டினார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதற்குப் பிறகும் பல டாக்டர்கள், நரம்பின் பக்கம் போகாமல் இருப்பதே அதற்குப் பாதுகாப்பு என்று நினைத்தார்கள். 1938-ல் அமெரிக்க டாக்டர் ஃபிராங்க் லேஹி, "நரம்பைத் தேடிக் கண்ணால் பார்த்துவிட்டால்தான் அதைக் காப்பாற்ற முடியும்" என்ற வழியை வலியுறுத்தினார். இருட்டில் துழாவுவதைவிட விளக்கைப் போட்டுக்கொண்டு தேடுவது மேல்தானே? இன்றைக்கும் அதுதான் முதல் விதி.

அனுபவமுள்ள கைகளில், நிரந்தரமாகக் குரல் கெடுவது நூற்றுக்கு ஒன்று இரண்டு பேருக்குத்தான். தற்காலிகமாகக் குரல் கம்முவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு வரலாம். இவர்களில் பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலிருந்து ஆறு மாதத்துக்குள் குரல் திரும்பிவிடுகிறது. ஏனென்றால் நரம்பு அறுந்துபோவது குறைவு. சுரப்பியைத் தூக்கும்போது இழுபடுவதும், ரத்தத்தை நிறுத்தச் சுடும் கருவியின் சூடு படுவதும், வீக்கத்தில் அழுந்துவதும்தான் அதிகம். இழுபட்ட நரம்பு மெல்ல உயிர் பெறும்.

முன்பே ஒரு தடவை கழுத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள், கழலை நெஞ்சுக்குள் இறங்கியவர்கள் ஆகியோருக்கு ஆபத்து கொஞ்சம் கூடுதல். இரண்டு பக்க நரம்பும் ஒரே சமயத்தில் பாதிக்கப்பட்டால் குரலைவிட மூச்சுக்கே கஷ்டம் வரும். கழுத்தில் துளை போட்டு மூச்சுக்கு வழி செய்ய வேண்டிவரலாம். நல்லவேளையாக அது மிகவும் அபூர்வம்.

வீட்டில் கண்டது

என் ஓரகத்தி அக்கா மீன் கடை போட்டிருக்கிறவர். கழுத்துக் கழலை எலுமிச்சை அளவிலிருந்து சாத்துக்குடி அளவு ஆகி, படுத்தால் மூச்சு அடைத்ததால் ஆபரேஷனுக்கு ஒத்துக்கொண்டார். டாக்டர் முன்கூட்டியே மூக்கு வழியாக மெல்லிய குழாய் கேமரா விட்டு, இரண்டு நாண்களும் ஆடுவதைப் பார்த்து எழுதி வைத்தார். "குரல் கொஞ்ச நாள் கம்மலாம், பயப்படாதீங்கம்மா" என்றும் சொல்லியிருந்தார்.

அப்படியே ஆயிற்று. கண் விழித்தபோது காற்றுதான் வந்தது, குரல் வரவில்லை. தண்ணீர் குடித்தால் புரையேறியது. மறுபடி கேமரா விட்டதில் ஒரு பக்க நாண் அசையாமல் நின்றது தெரிந்தது. முன்பு நன்றாக ஆடிய நாண் என்பது எழுத்தில் இருந்ததால், இது இழுபட்ட நரம்பு, காத்திருக்கலாம் என்று சொல்ல முடிந்தது. பேச்சுப் பயிற்சிக்கு அனுப்பினார்கள்.

கடையில் கூவ முடியாத அந்த நாட்களில், அக்கா கரண்டியால் வாணலி விளிம்பைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிட்டார். மீன் விற்காமல் போகவில்லை! மூன்றாம் மாதம் பேச்சு தெளிந்தது. கூவுகிற குரல் வர ஐந்தாறு மாதம் ஆயிற்று.

எல்லாருக்கும் இப்படியே ஆகும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒன்று. முன்பே சொல்லி, முன்பே பார்த்து வைத்ததால், அந்த ஆறு மாதத்தில் எங்கள் வீட்டில் அழுகை இருந்தது, பீதி இல்லை.

ஆபரேஷனுக்கு முன் கேளுங்கள்

"டாக்டர்கிட்ட போய் கேள்வி கேக்கறதா?" என்று தயங்காதீர்கள். நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள்.

1. ஆபரேஷன் அவசியம்தானா? பாதிச் சுரப்பியா, முழுவதுமா? ஒரு பக்கம் மட்டும் எடுத்தால் அந்தப் பக்க நரம்புக்கு மட்டுமே ஆபத்து. நோயைப் பொறுத்துத்தான் முடிவு என்றாலும், கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

2. குரல் நாணை முன்கூட்டியே பார்ப்பீர்களா? காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் சில நிமிஷ வேலைதான். 1854-ல் மானுவேல் கார்சியா என்ற பாட்டு வாத்தியார், பல் டாக்டரின் சின்னக் கண்ணாடியையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் குரல் நாண்களைத் தானே பார்த்தார். இன்றைக்குக் கேமராவே இருக்கிறது.

3. இந்த ஆபரேஷனை அடிக்கடி செய்கிறீர்களா? 2017-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், வருஷத்துக்கு 25-க்கு மேல் இந்த ஆபரேஷன் செய்கிறவர்களிடம் சிக்கல் குறைவு என்று தெரிந்தது. கைப்பழக்கம் எந்த வேலைக்கும் வேண்டும்தானே?

4. நரம்பைக் கண்காணிக்கும் கருவி உண்டா? மூச்சுக்குழாயோடு இணைந்த இந்தக் கருவி, நரம்பு வேலை செய்கிறதா என்று ஆபரேஷன் நடக்கும்போதே காட்டும். ஒரு பக்கம் சிக்னல் நின்றுவிட்டால், மறு பக்கத்தை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கவும் வழி உண்டு. ஆனால் கருவி துணைதான். கண்ணால் நரம்பைத் தேடிப் பார்ப்பதற்கு அது மாற்று இல்லை.

5. உங்கள் தொழிலைச் சொல்லுங்கள். "நான் டீச்சர்", "கோயில்ல பாடறேன்", "கடையில கூவி விக்கறேன்" என்று டாக்டருக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் மாவட்டத்தில் தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி 2008-ல் தொடங்கியது. அடுத்து சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. சிக்கலான கழலை என்றால், சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இந்தச் சுரப்பிகளுக்கென்றே தனி அறுவைப் பிரிவு உண்டு. அரசுக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், செலவு அதில் அடங்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

முதல் ஒரு நாள் மிக முக்கியம். கழுத்து திடீரென்று வீங்கி இறுகினாலோ, மூச்சு விடும்போது சீழ்க்கை மாதிரி சத்தம் வந்தாலோ, ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் நர்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டில் என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தால், கை கால் இழுத்துப் பிடித்தால், அது கால்சியம் குறைந்ததின் அறிகுறி. தைராய்டின் பின்பக்கம் அரிசி மணி அளவில் பொதுவாக நாலு குட்டிச் சுரப்பிகள் உண்டு. கால்சியத்தைக் காப்பவை அவைதான். ஆபரேஷனில் அவை அசந்துபோனால் இப்படி ஆகும். "பலவீனம்" என்று விட்டுவிடாமல் உடனே சொல்லுங்கள்.

மயக்கம் கொடுக்கப் போட்ட குழாயினாலேயே சில நாள் தொண்டை கரகரக்கும். அதற்கு நரம்பு காரணமில்லை. இரண்டு வாரத்துக்கு மேலும் குரல் சரியாகாவிட்டால் குரல் நாணைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த நாட்களில்:

தண்ணீர் புரையேறினால், முகவாயை நெஞ்சுப் பக்கம் தாழ்த்திக்கொண்டு சிறுசிறு மிடறாக விழுங்குங்கள். அண்ணாந்து குடிக்கவே கூடாது. வெறும் தண்ணீரைவிடக் கெட்டியான கேழ்வரகுக் கூழ் சுலபமாக இறங்கும்.

கத்தாதீர்கள். தொண்டையை அழுத்திக் கிசுகிசுப்பதும் ஓய்வு ஆகாது. மெல்லிய இயல்பான குரலில், தேவையானதை மட்டும் பேசுங்கள். அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள்.

பேச்சுப் பயிற்சி நிபுணர் சொல்லிக் கொடுக்கும் பயிற்சியைத் தினமும் செய்யுங்கள்.

ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகியும் குரல் திரும்பாவிட்டால்கூடக் கதை முடிந்துவிடவில்லை. அசையாத நாணை ஊசி மூலம் உப்பச் செய்வதற்கும், சின்ன ஆபரேஷனால் நடுப்பக்கம் தள்ளி வைப்பதற்கும் வழி உண்டு. அப்போது நல்ல நாண் அதைத் தொட்டுப் பேச முடியும்.

சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டால் ஆயுசுக்கும் தைராய்டு மாத்திரை உண்டு. விடியற்காலையில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணிக்கு மேல் பொறுத்துத்தான் காபி. கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதற்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். பால் கொடுக்கும் தாய்மார்கள் இந்த மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை. கர்ப்பமாக இருக்கும்போது கழலை தெரிந்தாலும் திகைக்க வேண்டாம். பிரசவத்துக்குப் பின் செய்யலாமா என்று டாக்டர் பார்ப்பார். தள்ளிப்போட முடியாது என்றால் நாலு முதல் ஆறு மாதத்துக்குள் செய்வது வழக்கம்.

வருமுன் காக்க ஒரு சின்னக் காரியம். அயோடின் சேர்த்த உப்பையே வாங்குங்கள், மூடி போட்ட ஜாடியில் வையுங்கள். எல்லாக் கழலையையும் உப்பு தடுக்காது என்றாலும், அயோடின் குறைவால் வருவதைத் தடுக்கும்.

சகோதரிகளே, இன்று ராத்திரி கண்ணாடி முன் நின்று, முகவாயைக் கொஞ்சம் உயர்த்தி, ஒரு மிடறு தண்ணீர் விழுங்கிப் பாருங்கள். குரல்வளைக்குக் கீழே ஏதாவது உருண்டு ஏறி இறங்குகிறதா? இருந்தால் தலைப்பால் மூடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். கழலை சின்னதாக இருக்கும்போது நரம்பைத் தேடுவதும் சுலபம், காப்பதும் சுலபம்.